போனில் மொழிபெயர்த்த அக்காவுக்கு நன்றி

அப்பாவுக்கு, ரத்தம் கட்டியாக உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எழுதித் தந்த அன்று, மருத்துவமனை ஏற்பாட்டில் போன் வழியே தமிழில் பேசிய அக்கா, உங்கள் பெயர்கூடத் தெரியாது.

நடுவில், கூட இருந்த என் மகளே தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும் என்று நர்ஸ் சொன்னபோது, பணிவாக மறுத்துவிட்டீர்கள். ரத்தக் கட்டி, ரத்தப்போக்கு எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை தாத்தாவுக்கு விளக்கவேண்டிய விஷயமா என்ன!

அப்பா எதற்கும் "சரி, சரி" என்று தலையாட்டுகிறவர். டாக்டரும் அதை நம்பிவிட்டார். நீங்கள்தான், "புரிந்ததை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லலாமா டாக்டர்?" என்று கேட்டீர்கள். அப்போதுதான் தெரிந்தது, மூட்டுவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபெனையும் கூடவே சாப்பிடலாம் என்று அப்பா நினைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் ரத்தப்போக்கு அபாயம் அதிகம். டாக்டர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார்: ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை எதற்கு, கீரையை ஏன் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மலம் கறுப்பாகப் போனால் ஏன் உடனே வரவேண்டும். அப்புறம் அப்பா எல்லாவற்றையும் ஒப்பித்தார், கொஞ்சம் அலுத்துக்கொண்டேதான்.

இப்போதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுகிறோம். ரொம்ப நன்றி அக்கா.