கூடுதல் விளக்கும் எர்த் கம்பியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி நெருங்கினால் சாமி மேடைக்கும் வாசல் முகப்புக்கும் ஒரு விளக்கைக் கூட்டுவது நம் வீடுகளில் வழக்கம். எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தைக் குறைவாகவே இழுப்பதால், பக்கத்துச் சுவிட்சிலிருந்து யார் வேண்டுமானாலும் கம்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுவதை, பினாங்கில் வயரிங் வேலை செய்தவன் என்ற முறையில் நன்கறிவேன். சுமையைப் பொறுத்தவரை அவர்கள் கணக்கு சரிதான். 230 வோல்ட்டில் 12 வாட் விளக்கு எடுப்பது சுமார் 0.05 ஆம்பியர், சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல், மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலில் இருக்கிறது. பழைய வரிசை வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் மின்சாரம் வரும் லைவ் கம்பியும் விளக்குக்குப் போகும் கம்பியும் எர்த் கம்பியும் இருக்கும்; நியூட்ரல் இராது. நியூட்ரலைத் தேடிக் கூரைக்குள் ஏற மனமில்லாத சிலர், கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் பாதுகாப்புக் கம்பியான எர்த்தையே அதற்குப் பதிலாக இணைத்துவிடுகிறார்கள். விளக்கும் எரிகிறது. மின்கசிவைக் கண்டால் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. 100 மில்லிஆம்பியர் அளவில் மட்டும் உள்ள வீட்டில், எர்த் வழியே போவது அதில் பாதியளவே என்பதால், அது விழாமலே இருக்கவும் கூடும். வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் அந்த எர்த் கம்பி மண்ணுக்குப் போகும் வழியில் எங்கேனும் அறுந்தால், விளக்கு எரியும்போதெல்லாம் அதனுடன் இணைந்த உலோக உறைகள் அனைத்திலும் மின்சாரம் ஏறி நிற்கும்.

நிறமும் ஏமாற்றும். நம் பழைய வீடுகளின் சுவருக்குள் கறுப்பு நியூட்ரல். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ். கடையில் வாங்கும் விளக்கின் கம்பியிலோ பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். மூன்று லைவ் கம்பிகள் வரும் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் நீலத்தோடு நீலத்தை முறுக்குபவர், நியூட்ரல் முனையில் லைவைக் கொடுத்துவிடுகிறார்.

எனவே எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனையே அழைத்து, புதிய விளக்கின் நியூட்ரல் அதே சர்க்கியூட்டிலிருந்து வருவதை மீட்டரால் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும்; கூலி சற்றுக் கூடினாலும் பேரம் பேசும் இடம் இதுவல்ல. விளக்கு சர்க்கியூட்டுக்கு எர்த் இழுக்காத மிகப் பழைய வீடுகளில் உலோக விளக்கைத் தவிர்த்து, சதுரத்துக்குள் சதுரம் என்ற இரட்டைக் காப்புக் குறியுள்ளதை வாங்குவதே முறை. தங்கள் நாளிதழ் இவ்விவரங்களைப் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு பதிப்பில் படத்துடன் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
பட்டர்வொர்த், பினாங்கு