ஞாயிறு காமிக்ஸ் பரிமாற்றம்: வருமுன் கவனிக்க

நண்பர்களுக்கு வணக்கம். தருமபுரியில் ஞாயிறன்று நடக்கும் பரிமாற்றத்துக்கு மாயாவி, ஸ்பைடர் போன்ற காமிக்ஸ் நாயகர்களின் பழைய இதழ்களைக் கொண்டுவருவோர் இதைப் படித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் முதலில் கெடுவது ஸ்டேப்ளர் பின்தான். துருப்பிடித்த பின்னை வெளியிலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். துரு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டையைச் சுற்றிப் பிய்ந்து அட்டை தனியாக வந்துவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரு கால்களையும் மொண்ணைக் கத்தியால் நிமிர்த்தி, முதுகுப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். புதுப் பின்னும் துருவேறும் என்பதால் அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து, நடுப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள்.

கிழிசலில் செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கினால் எடுப்பது மிகவும் கடினம். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த 'இரும்புக்கை மாயாவி' யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். கிழிசலோடு இருப்பதே அதற்கு மரியாதை.

பூச்சி அரித்த இதழ்களைப் பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்தவுடன் கவரைப் பிரிக்கக் கூடாது. ஒருநாள் வெளியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் காகிதம் வியர்த்து ஈரமாகிவிடும். அப்படி வைத்த இதழ்களை அடுத்த மாதம் கொண்டுவந்தால் போதும்.

கிருஷ்ணகிரி நண்பர்களே, மாம்பழ அட்டைப்பெட்டி வேண்டாம். பழச்சாறு பட்ட அட்டைக்குப் பூச்சி தேடி வரும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கைவாக்கில் அடுக்கி எடுத்து வாருங்கள்.