சென்சாரை நம்புமுன் வடிநீரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செபராங் பிறையில் பாலிபேக்கில் (நெகிழிப் பையில்) மிளகாய் போடுகிறவர்கள் ஈரப்பதச் சென்சார் வாங்கினால் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கைப்பேசியில் வரும் எண்ணை அப்படியே நம்பித் தண்ணீர் விடுவது பயிரைக் கெடுக்கும்.

மின்தேக்க வகைச் சென்சார் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரின் மின்கடவாமை மாறிலி (மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்ற அளவு) ஏறக்குறைய 80, காற்றுக்கு 1. இந்த இடைவெளியை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கு சாதாரண மண்ணுக்கானது, பையில் நிரப்பும் கொக்கோபீட்டுக்கு (தேங்காய் நார்த்துகளுக்கு) பொருந்தாது. தகட்டைச் சுற்றிக் காற்று இடைவெளி இருந்தால் எண் இறங்கும். உப்பு ஏறினால் விலை குறைந்த சென்சார்களில் எண்ணும் கூடும். மோசமானது இதுதான். உரக்கரைசல் ஈசி (உப்புச் செறிவைக் காட்டும் மின்கடத்துதிறன், மில்லிசீமென்ஸ்/செ.மீ. கணக்கில்) 2.0 என்று போக, பைக்குள் 3.5 ஆகிவிட்டால், சென்சார் 'ஈரம் போதும்' என்கிறது. தானியங்கி மோட்டார் ஓடாது. உப்பு மேலும் செறிவாகும். திரையில் பச்சை விளக்கு எரிய, நண்பகலில் இலை தொங்கும்.

சென்சார் எண்ணை உண்மையான ஈரத்தோடு பொருத்திப் பார்க்கும் அளவுத்திருத்தம் செய்ய ஆய்வகம் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த கொக்கோபீட்டை 10 லிட்டர் கோடு போட்ட வாளியில், பையில் உள்ள இறுக்கத்துக்கே நிரப்பிச் சென்சார் எண்ணைக் குறியுங்கள். பிறகு 1 லிட்டர் உரக்கரைசல் ஊற்றிப் பிசைந்து, அதே கோட்டுக்கு அழுத்தி நிரப்பி மீண்டும் குறியுங்கள். ஒவ்வொரு லிட்டரும் கன அளவில் 10 விழுக்காடு ஈரம். ஆறு முறை செய்தால் உங்கள் கொக்கோபீட்டுக்கான கோடு கிடைத்துவிடும். வெறும் தண்ணீரில் செய்யாதீர்கள். உப்பின் விளைவு விட்டுப்போகும்.

ஒரு பையில் குத்திய சென்சார் ஆயிரம் பைக்குப் பேச முடியாது. முதலில் பைகளுக்குக் கரைசலைச் சொட்டவிடும் 20 சொட்டுவாயின் கீழ் குவளை வைத்து 5 நிமிடம் பிடியுங்கள். மிகக் குறைவாக நிறைந்த ஐந்தின் சராசரியை எல்லாவற்றின் சராசரியால் வகுத்தால் 0.9-க்கு மேல் வரவேண்டும். வராவிட்டால் அடைப்பு நீக்கிக் குழாய் முனையைத் திறந்து கழுவுங்கள். அதுவரை எந்தத் தரவும் வீண்.

தினமும் ஒரு பையின் அடியில் வெளியேறும் வடிநீரைப் பிடித்து அளப்பதுதான் மலிவான சாட்சி. விட்டதில் 15 முதல் 20 விழுக்காடு வடிய வேண்டும். வடிநீர் ஈசி, விட்ட கரைசலைவிட 1-க்கு மேல் கூடினால் உப்பு தேங்குகிறது. ஒரு சுற்று கூடுதலாக விட்டுக் கழுவுங்கள். திறந்தவெளித் தோட்டத்தில் மாலை மழைக்குப் பிறகு இது தலைகீழாகும், வடிநீர் ஈசி விட்ட கரைசலைவிடக் குறையும், அன்று உரம் கழுவிப் போயிருக்கும். ஈசி மீட்டரை 1.413 மில்லிசீமென்ஸ்/செ.மீ. தரக் கரைசலில் வாரம் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று, பறிக்கும்போது வரிசை வாரியாக எடை எழுதுங்கள். விளைச்சல் எடை இல்லாமல் ஈரப்பத வரைபடங்கள் எதையும் விளக்காது.

கருவி விற்போருக்கு ஒரு வேண்டுகோள்: வாங்குபவரின் கொக்கோபீட்டிலேயே அளவுத்திருத்தம் செய்து கொடுங்கள், திரைப் படங்களோடு நிறுத்தாமல் மூல எண்களையும் கோப்பாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மிளகாய் பயிரிடுவோர் சிலர்,
நிபோங் திபால், பினாங்கு