ஞாயிறு சாயங்காலம் சால்டரிங் அயர்னோட வந்துருங்க

மக்களே, ஃபெண்டர் கம்பெனியோட ரெண்டு பாஸ் கிட்டார்ல எது பெருசு, ஜாஸ் பாஸா பிரெசிஷனான்னு ராத்திரி நடந்த சண்டையில குரூப்பே களைகட்டிருச்சு. 1951-ல வந்த பிரெசிஷன்தான் மூத்தது, மறுபேச்சே இல்ல. ஆனா 1960-ல பிறந்த தம்பி ஜாஸ் பாஸ் ரெண்டு பிக்கப்போட (கம்பி அதிர்வை மின்சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) வந்தான்ல, அதையும் ஒத்துக்கங்கண்ணே!

இந்த வாரம் வில்லாபுரம் தம்பியோட ஜாஸ் பாஸைப் பிரிக்கிறோம். ரெண்டு வால்யூமையும் முழுசாத் திறந்தா இரைச்சல் அடங்குது, ஒண்ணைக் குறைச்சா திரும்ப 'ங்ங்ங்'னு வருதாம். தம்பி, அது பிக்கப் கோளாறே இல்ல. ரெண்டு காயிலையும் எதிரெதிரா சுத்தியிருக்கும், காந்தமும் எதிர்த்துருவம். சரிசமமாத் திறந்தாத்தான் ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிச்சுப்போடும். அதுக்காகப் புது பிக்கப்புல காசைக் கொட்டாதீங்க. உள்குழி முழுக்க காப்பர் ஃபாயில் ஒட்டி எர்த்தோட சேர்த்தா கரகரப்பு நல்லாவே குறையும். கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைஞ்சா, பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயர் சரியா இருக்குன்னு அர்த்தம்.

டவுன்ஹால் ரோடு பக்கம் போறவங்க 250கே பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்குற ரெசிஸ்டர்) ரெண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. 500கே வாங்கி மாட்டிட்டு, சவுண்டு ரொம்பக் கூர்மையா இருக்குன்னு பஞ்சாயத்து வைக்கக்கூடாது.

கழுத்துப் பலகையில குறுக்கே பதிச்ச உலோகப் பட்டையை, அதான் ஃப்ரெட்டை, பிடுங்கியே தீருவேன்னு நிக்கிற திருமங்கலத்து அண்ணே, கொறடோட பாயாதீங்க. முதல்ல அயர்ன் முனையால ஃப்ரெட்டுக்கு சூடு காட்டணும். அப்பத்தான் பலகை சில்லு பேராம மெதுவா எழும்பும்.

அஞ்சு மணி, வழக்கமான மாடி. ஜிகர்தண்டா செலவு பிரெசிஷன் கட்சியோடது.