பழத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் வேலையில் பெரும்பகுதி போனாப்ஃபெல் மரங்களோடுதான் போனது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் நம் நொய்வீட் வட்டாரத்திலேயே தோன்றிய ஆப்பிள் ரகம் இது. போன வருடம் கிளை தாழக் காய்த்த மரங்கள் இந்த வருடம் கொஞ்சமாகத்தான் காய்த்தன. வயதான மரம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நன்றாகக் காய்க்கும். மரம் பட்டுப்போகிறதோ என்று புதிய உறுப்பினர்கள் பயப்பட வேண்டாம்.

காய்ப்பு குறைந்ததால் கவாத்துக்கு நேரம் கிடைத்தது. புல்லுருவிதான் பெரிய தொல்லை. கொத்தை மட்டும் ஒடித்தால் திரும்பத் தழைத்துவிடும். வேர் கட்டைக்குள் இறங்கியிருப்பதால் கிளையையே சேர்த்து அறுத்தோம்.

அக்டோபர் கடைசியில் பறிக்கும்போது இந்தப் பழம் கல் மாதிரி இருக்கும், புளிக்கும். கடித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். நிலவறையில் வைத்து வசந்தத்தில் எடுத்துப் பாருங்கள், சாறும் குறையாது, புளிப்பும் தணிந்திருக்கும். சாறு, ஆப்பிள் ஒயின், உலர் பழத்துண்டு எல்லாவற்றுக்கும் ஏற்றது. கிடைத்த பழத்தில் ஒரு பங்கை ஆப்ஃபெல்க்ரௌட் என்ற கெட்டியான ஆப்பிள் பாகாகக் காய்ச்சினோம். பழத்தை வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றை நுரை எடுத்துக்கொண்டே மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கடைசி அரை மணி நேரம் கரண்டியைக் கீழே வைக்கவே முடியாது, அடிபிடித்துவிடும். கரண்டியிலிருந்து கருஞ்சிவப்பாக, நூலாக இறங்கும்போது இறக்கினோம். சுடச்சுட உருளைக்கிழங்கு அடையோடு அன்றே ஒரு ஜாடி காலி!

நம்முடையது போன்ற உயர மரத் தோப்புகளுக்கு இனி இடமில்லை என்று 1953இல் பாட் எம்ஸ் நகரில் ஜெர்மன் வேளாண் அமைச்சகத்தார் முடிவெடுத்தார்கள். பிற்பாடு மரத்தை வெட்டுவதற்கே மானியம் கொடுத்த காலமும் உண்டு. 2021இல் இதே தோப்பு வளர்ப்பு ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் பட்டியல் மரம் நடாது. நாம்தான் நட வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் இலையுதிர்காலத்தில் புதிய கன்றுகள் வைக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. போனாப்ஃபெல்லின் மகரந்தம் மற்ற மரங்களுக்கு உதவாது. அதனால் அதற்கும் ஒன்றுக்கொன்றும் மகரந்தம் தரும்படி பக்கத்தில் வேறு இரண்டு ரகங்களாவது வேண்டும். எலி வேரைக் கடிக்காமலிருக்க ஒவ்வொரு குழிக்கும் கம்பி வலைக்கூடை கட்டாயம். நிலம் தர விரும்பும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்