நாலு ஞாயிறாக அந்த இருமல்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போன் இரண்டு தடவை ஊமையானது. சிக்னல் இல்லை என்றாய். சிக்னல் போனால் குரல் விட்டுவிட்டு வரும், இப்படிப் பட்டென்று அடங்காது. மியூட் போட்டுவிட்டு இருமினாய், எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை, அவள் உன் பதவி உயர்வைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான். எட்டுப் பேரை வேலை வாங்குகிறவனுக்கு டாக்டரைப் பார்க்க அரை மணி நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

தூசி என்கிறாய். இருக்கலாம். ஆனால் இது நாலாவது ஞாயிறு. 2 வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் சளியைப் பரிசோதிக்க வேண்டும், அதற்குமேல் தூசி, ஏசி என்று காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. போன மாதம் அனுப்பிய போட்டோவில் உன் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. கேட்டால் ஜிம் என்பாய். சரி, சாயங்காலம் லேசாகக் காய்கிறதா, ராத்திரி தலையணை நனைகிற மாதிரி வியர்க்கிறதா, இதற்கு மட்டும் பதில் சொல்.

சிரப் குடித்து நாளைக் கடத்தாதே. சளி கேட்டால் காலையில் எழுந்ததும் நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்துக் கொடு, வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. அதுவரை மாஸ்க் போடு, ஜன்னலைத் திறந்து வை. மூன்று பேர் படுக்கிற அறை, ராத்திரி முழுக்கச் சாத்தி வைத்தால் ஒருவன் விட்ட காற்றைத்தான் மற்ற இருவரும் இழுக்க வேண்டும். நான் பயப்படுகிற நோய் தட்டிலும் துண்டிலும் ஒட்டாது, காற்றில்தான் வரும். அதனால் தனித்தட்டு வைத்துக்கொண்டு மூலையில் உட்காராதே, ஜன்னலைத் திற.

இவ்வளவு எப்படித் தெரியும் என்கிறாயா? பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் எக்ஸ்ரே, அதை நீ விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து என்னிடம் அடி வாங்கினாயே, அது தாத்தாவுடையது இல்லை. என்னுடையது. டிபி. ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டு சொன்னது 1882-இல், நான் இன்னும் செத்துப்போன தாத்தாவின் பெயரில் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் 6 மாத மருந்து. முதல் 2 மாதம் நாலு வகை. போட ஆரம்பித்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ஆபீஸில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு மாடி ஏறி, காலியாக இருக்கும் கழிவறைக்குப் போவேன். 2 மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது, மூன்றாம் மாதம் நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். குணமாகிவிட்டதாக நினைத்தேன் என்று டாக்டரிடம் சொன்னது பொய். வெட்கம்தான். பக்கத்து சீட்டுக்காரர் மறுவருஷம் இரும ஆரம்பித்தார். என்னால்தானா என்று தெரியாது, ஆனால் நான் வாயைத் திறந்திருந்தால் அவர் முன்பே போய்ப் பார்த்திருப்பார்.

எனக்குத் திரும்பி வந்தபோது உனக்கு நாலு வயசு. என் மார்பில்தான் தூங்குவாய். அப்போது தினமும் ஒரு வைட்டமின் கொடுத்தோமே, கசக்கிறது என்று அழுவாயே, அது வைட்டமின் இல்லை, உனக்கு வராமல் இருக்கக் கொடுத்தது. வீடு மாற்றும்போது கட்டிலை நகர்த்தினேன், சுவரோரம் பதினொரு மாத்திரை கிடந்தது. அம்மா பார்ப்பதற்குள் பெருக்கித் தள்ளிவிட்டேன்.

பயப்படாதே. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது நோயாக வருவதே இல்லை. வந்தாலும் மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரத்திலேயே அடுத்தவருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அது வருஷக்கணக்கில் உள்ளே தூங்கவும் செய்யும், அந்தப் பதினொன்றை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் இருமல் வெறும் தூசியாகவே இருக்கட்டும், நான் கிறுக்கன் என்று நீ சிரி, பரவாயில்லை.

வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்பார். இல்லை என்று சொல்லிவிடாதே. அப்பாவுக்கு இரண்டு தடவை வந்தது, முதல் தடவை பாதியில் நிறுத்தினார் என்று சொல். பதினொரு மாத்திரையையும் சொல். ரிசல்ட் வந்ததும் கூப்பிடு, அம்மா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா