தேயிலையைக் கொட்டிய ஊரில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள செழியனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

பாஸ்டன் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வரி ஏறிப்போச்சுன்னு தேயிலையைக் கடல்ல கொட்டிட்டாங்கம்மா" என்று போனில் சொன்னாயே, அது சரியில்லைடா. வணிகவரி அலுவலகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள், இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா?

அப்போது அமெரிக்க மாகாணங்கள் பிரிட்டன் ஆட்சியில் இருந்தன. 1773-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட தேயிலைச் சட்டத்தில் வரி ஏறவே இல்லை. 1767-இல் போட்ட அதே வரிதான், ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ். சொல்லப்போனால் விலை இறங்கத்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் தத்தளித்தது. லண்டன் கிடங்குகளில் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்றுக்கொள் என்று பார்லிமெண்ட் வழிவிட்டது. 1770 பஞ்சத்தில் வங்காளத்து ஜனங்கள் செத்து விழுந்தபோதும் நிலவரியை விடாமல் வசூலித்த அதே கம்பெனி! பிலடெல்பியாவில் ஜான் டிக்கின்சன், ஆசியாவில் இவர்கள் செய்ததைப் பாருங்கள் என்றே எச்சரித்து எழுதினார்.

மலிவாக வந்தாலும் வாங்கினால், நம் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை போட்ட வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுதான் அமெரிக்க மாகாணத்து ஜனங்களின் வாதம். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் பிழைப்பும் இதில் அடிபட்டது. எல்லாமே கொள்கை என்று நினைத்துக்கொள்ளாதே.

தீர்வை கட்டாத சரக்கை டிசம்பர் 17 முதல் சுங்கத்தார் பறிமுதல் செய்யலாம். ராஜா நியமித்த மாகாணக் கவர்னர் ஹட்சின்சனோ கப்பலைத் திரும்பிப் போகவிட மறுத்துவிட்டார். அதனால்தான் 16-ஆம் தேதி ராத்திரியே பாஸ்டன்காரர்கள் மோஹாக் என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் வேஷத்தில் மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம். தேயிலை குவியலாக மேலே நிற்க, அதைத் தள்ளிவிடவே ஆள் தேவைப்பட்டதாம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்ததுதான். கொட்டியவர்களைப் பிடித்து வழக்குப் போடாமல் ஊரையே தண்டித்தார்கள். கம்பெனிக்கு நஷ்டஈடு கட்டும்வரை என்று 1774 ஜூன் 1 முதல் துறைமுகத்தை மூடினார்கள். மூட்டை தூக்குகிறவன், கப்பல் தச்சன் எல்லார் வயிற்றிலும் அடி. அதோடு விட்டார்களா? மாகாண ஆலோசனைக் குழுவுக்கு இனி ராஜாவே ஆள் போடுவார், கவர்னர் அனுமதி இல்லாமல் வருஷத்துக்கு ஒரு ஊர்க்கூட்டத்துக்கு மேல் கூடாது, வழக்கில் சிக்கிய அதிகாரியை வேறு மாகாணத்திலோ இங்கிலாந்திலோ விசாரிக்கலாம் என்று வரிசையாகச் சட்டம் போட்டார்கள்.

பாஸ்டன் தனித்துப்போகும் என்று லண்டன் போட்ட கணக்கு தப்பிப்போனது. தென் கரோலினா அரிசி அனுப்பியது. கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. பாஸ்டன் வியாபாரம் கைக்கு வரக்கூடிய பக்கத்து ஊர் சேலத்தின் (நம் சேலம் இல்லை!) வியாபாரிகளே, அண்டை ஊர் அழிவில் நாங்கள் சம்பாதிக்க மாட்டோம் என்று ஹட்சின்சனுக்கு அடுத்து வந்த கவர்னர் கேஜிடம் எழுதிக் கொடுத்தார்கள். செப்டம்பரில் 12 மாகாணங்களின் ஆட்கள் பிலடெல்பியாவில் ஒன்றுகூடினார்கள். தேயிலையைக் கொட்டியது அதிகம் என்று முகம் சுளித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அந்த சேலத்துக்கு உன் ஊரிலிருந்து ரயில் இருக்கிறதாமே. லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து எனக்குச் சொல். குளிர் ஆரம்பித்துவிட்டது, காதை மூடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா